கஸ்பார் மாமா சொன்ன ‘இல்லை’

ராயபுரம் கஸ்பார் மாமா என் அக்கா ஃப்ளோரன்ஸின் கணவர். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். அங்கே வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. தலைசுற்றல் என்று வாய் தவறிச் சொன்னால் ‘அன்ஃபிட்’ என்று எழுதிக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் டாக்டர் எதைக் கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்தான்: இல்லை.

2003இல், ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், பார்க்கின்சன் வந்தது. முதலில் கை நடுங்கியது. அப்புறம் சோறு தொண்டையில் நின்றது. மனுஷன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். பருக்கை நுரையீரலுக்குள் போய், ஒரு முறை நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய காரியம்.

அதற்கப்புறம் நானும் அக்காவும் மாமாவை அழைத்துப் போன ஆஸ்பத்திரியில், விழுங்கப் பயிற்சி கொடுக்கும் தேவகிருபை ஒரு படிவத்தோடு எதிரே உட்கார்ந்தாள். அதில் எழுதும் பதில்களை வைத்துத்தான் மாமா இனி எதை, எப்படிச் சாப்பிடலாம் என்று முடிவு செய்வார்கள்.

“சாப்பிடும்போது புரையேறிடுமோன்னு பயம் இருக்காங்கய்யா?”

“பயமா? இல்லம்மா.”

“இருமல்?”

“இல்ல.”

“சாப்பாடே வேண்டாம்னு தோணுதா?”

“இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து கிலோ இளைத்த மனுஷன் சொல்கிற பதிலா இது!

தேவகிருபை தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தாள். மாமா வாயில் ஊற்றிக்கொண்டார். விழுங்கவில்லை. கன்னம் உப்ப, கடைவாயில் ஒழுக, எங்களையே பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினெட்டு விநாடி ஓடியது. பிறகு விழுங்கினார். உடனே இருமல் பிடித்து முகம் கறுத்துவிட்டது. தேவகிருபை சட்டென்று எழுந்து அவரை முன்னால் சாய்த்துப் பிடித்தாள். மூச்சு திரும்பும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

“இன்னா மாமா இது? ஏன் பொய் சொல்ற?” என்று கத்திவிட்டேன்.

“ஆமான்னா மூக்குல டியூப்பு வுட்டுடுவாங்கடா.”

“அது தேவைப்படக் கூடாதுன்னுதாங்கய்யா கேக்கிறோம்” என்றாள் தேவகிருபை.

அக்கா தேவகிருபையின் பக்கம் திரும்பினாள். “இவரு துன்றப்போ கதவுக்கு இந்தாண்ட நான் நின்னுகினுகீறேம்மா. இருமுனா உசுரோட கீறாருன்னு தெரியும். சத்தமில்லன்னாத்தான் கதவுல காத வெச்சுக்குவேன். ஆறு மாசமா நான் ஒரு வாய் சூடா துன்னதில்ல.”

மாமாவுக்கு அது தெரியாது. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நடுங்கும் விரலால் படிவத்தைக் காட்டினார்.

“அத்த அடிச்சிட்டு மொதல்லேர்ந்து கேளும்மா.”

“புரையேறிடுமோன்னு பயம் இருக்காங்கய்யா?”

மாமா அக்காவைப் பார்த்தார்.

“கீதும்மா. ஒவ்வொரு வாய்க்கும் கீது.”