கல்யாணத்துக்கு ஆகாத தட்டு

பாட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. இப்போது வருகிற நீள இசைத்தட்டுகளில் பன்னிரண்டு பாட்டு இருந்தால் மூன்றுதான் தேறும். மிச்சமெல்லாம் இடத்தை அடைக்கப் போட்டவை. மேடையில் பாடுகிறவனையே பார்த்துக்கொண்டிருப்பவன் பாதி ரசிகன், டிரம் அடிப்பவனைக் கவனிப்பவன்தான் முழு ரசிகன். நான் பாடம் நடத்தும் செமாபோக் பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் மற்ற ஆசிரியைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இவை பத்திரிகை படித்து வந்த கருத்துகள் அல்ல. மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பத்து வயதில், என் மாமாவோடு சண்டை போட்டுச் சேர்த்தவை.

மாமா என் அம்மாவின் தம்பி. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு வாடகைச் சாமான் கடையில் அவருக்கு வேலை. கல்யாணமோ காதுகுத்தோ, ஒலிபெருக்கியும் பாட்டுத் தட்டுகளும் அங்கிருந்துதான் போகும். படம் காட்டும் இயந்திரமும் பழைய தமிழ்ப் படங்களின் சுருள்களும்கூட அங்கே வாடகைக்குக் கிடைத்தன. ஒரே படத்தை ரப்பர் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் ஓட்டியதில் மாமாவுக்குப் படங்கள்மேல் இரக்கமே இல்லாமல் போய்விட்டது.

"கதை சுமார்தாண்ணே. மூணாவது சுருள்ல ஒரு பாட்டு இருக்கு, அதுக்காக வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று வாடகைக்கு வந்தவர்களிடமே சொல்லி, முதலாளியிடம் திட்டு வாங்குவார்.

மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் மாமாவின் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள், அவர் திரும்பவில்லை. மாமாவின் அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். என் அம்மா அந்நேரம் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தோட்டத்து லயத்தில் மாமாவை இடுப்பில் தூக்கி மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்து வளர்த்தது அவருடைய சின்ன அக்கா, என் சித்திதான். சித்தியே அப்போது சின்னப் பெண். பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜப்பான் சண்டை முடிந்த பிறகுதான் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான், அதுவும் ஆங்கிலப் பள்ளிக்கூடம். அதைப் பற்றி எனக்கிருந்த பெருமையைச் சட்டையில் குத்திக்கொள்ள முடிந்திருந்தால் குத்திக்கொண்டிருப்பேன்.

எழுத்துத் தெரியாவிட்டாலும், தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் காகிதத்தின் நிறத்தையும் கீறல்களையும் வைத்தே மாமா நூற்றுக்கணக்கான தட்டுகளை அடையாளம் சொல்வார். கல்யாண வீட்டுக்குத் தட்டு பொறுக்குவதில் அவரைப் போல் கறாரானவர் மலாக்காவிலேயே கிடையாது. முதலில் சாமி பாட்டு. பிறகு எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் பிரிவு, கண்ணீர், மரணம் என்று ஒரு சொல் வந்தாலும் அந்தத் தட்டு பெட்டியில் ஏறாது. மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒரு கல்யாணத்தில் வேறொரு கடைக்காரன் தெரியாமல் ஒரு சோகப் பாட்டைப் போட, மாப்பிள்ளை வீட்டார் இலையை விட்டே எழுந்துவிட்டார்களாம். மாமா அந்தக் கதையை வேதம்போலச் சொல்வார்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறுவருடம் ஊரில் ராக் அண்ட் ரோல் ஜுரம் பிடித்தது. கடற்கரைத் திடலில் பையன்கள் கிட்டார் கட்டிக்கொண்டு ஆடிப் பாடினார்கள். மாமா என்னை சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். சித்தியும் பின்னால் உட்கார்ந்து வந்தார். மாமா கிட்டார்தான் உசத்தி என்றார். நான் டிரம் என்றேன். வழி முழுக்க வாதம். கடைசியில் சித்தி, "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அந்தப் பையன் தொண்டை கிழியப் பாடினானே, அவனை ஆளாளுக்கு விட்டுட்டீங்களே" என்றார்.

அந்த வருடம்தான் சித்திக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு வடக்கே சுங்கை பட்டாணியில் ரயில்வே வேலை. நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவும் சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமா கடையிலிருந்து மூன்று ஆங்கிலத் தட்டுகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். கடையின் சாவி கொடுக்கும் கிராமபோனில் ஒவ்வொன்றாகப் போட்டு, என்ன சொல்கிறான் என்று கேட்டார். முதலாவது, சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள் ஆடலாம் என்றது. இரண்டாவது, ஒரு பெண்ணின் சிவப்புச் சட்டையைப் பற்றியது. மூன்றாவதில் டிரம் குதிரைபோல ஓடியது. கேட்ட உடனே என் கால் நிற்கவில்லை. ஆனால் சொற்கள் வேறு மாதிரி இருந்தன. நீ போகிற வண்டி கிளம்பிவிட்டது, வீட்டில் விளக்கு எரிகிறது, இனி யாருக்காக எரிகிறது என்று பாடினான்.

"துக்கத்துக்கா இப்படித் துள்ளுறான்?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"நல்லாத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு தடவை போடச் சொல்லி, வரி வரியாக நிறுத்தி விளக்கினேன். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் முதல் இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை வைத்துக்கொண்டார். டிரம்மின் அருமை கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் நிச்சயம் போட வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். அவரும் செய்தார்.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மின்சாரம் பக்கத்து வீட்டிலிருந்து. அவர்கள் மலாக்கா செட்டிகள். கும்பிடும் சாமி எங்கள் சாமிதான், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். மாக்சிக் தன் வீட்டுச் சன்னல் வழியாகக் கம்பியை நீட்டிக் கொடுத்துவிட்டு, பூப்போட்ட சாரோங்கில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

தாலி கட்டியாயிற்று. சாப்பாடும் ஒரு பந்தி முடிந்தது. சித்தி உள்ளறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளையோடு தம்பின் ரயில் நிலையத்துக்குப் போய் வண்டி ஏற வேண்டும். மாமா அந்தத் தட்டை உறையிலிருந்து எடுத்தார். நான் மேடை ஓரத்தில் கால் மாற்றி நின்றேன்.

நாலு வரி ஓடியிருக்கும். பெரியப்பா கையைத் தூக்கிவிட்டார். அப்பாவின் அண்ணன், கல்யாணத்தை முன்னின்று நடத்துபவர். மாமா ஊசியைத் தூக்கினார்.

"சுதந்திரம் வாங்கியாச்சு, இன்னும் எதுக்குடா வெள்ளைக்காரன் கத்தல்? என்ன சொல்றான் அவன்?"

"நல்ல பாட்டுதான் மாமா" என்றார் மாமா. பெரியப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன லண்டன்லயா படிச்சே?" பந்தலில் சிரிப்பு. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இங்க வா. பொம்பளைப் பிள்ளைய இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பினோமே, பிரயோஜனம் இருக்கான்னு பார்ப்போம். அர்த்தம் சொல்லு."

ஒரு பெரியவர் சபையில் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் ஏதாவது சைகை செய்வாரோ என்று பார்த்தேன். செய்யவில்லை. என் ஆங்கிலத்தை நான் ஒருநாளும் திரித்துச் சொன்னதில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன். "நீ போற வண்டி கிளம்பிடுச்சு. வீட்டுல விளக்கு எரியுது. நீ இல்லாம அது யாருக்கு எரியுதுன்னு தெரியல. நீ சிரிச்சுக்கிட்டே போ, நான் பின்னால வர மாட்டேன்."

பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து இழுத்தார்.

"கல்யாண வீட்டுல ஒப்பாரியா?" என்றார் பெரியப்பா. "தம்பி, உனக்கே தெரியுமே. மாத்து, மாத்து."

மாமா தட்டைக் கழற்றக் குனிந்தார். நான் போய் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"பெரியப்பா, வார்த்தைய விடுங்க. தாளத்தைக் கேளுங்க. அழற பாட்டு இப்படியா இருக்கும்?"

"அழுகைன்னு நீதானே இப்ப சொன்னே."

"அர்த்தம் கேட்டீங்க, சொன்னேன். பாட்டு நல்லா இல்லேன்னு நான் சொல்லவே இல்லையே."

"இவ வக்கீலுக்குப் படிக்கிறா போல" என்று யாரோ சொன்னார்கள். அம்மா தூரத்திலிருந்து கண்ணை உருட்டினார். மாமா என் தோளைத் தொட்டு, "விடு பாப்பா, வேணாம்லா" என்றார். நான் நகரவில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்; அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது. மணப்பெண் அன்றைக்கு வாயைத் திறப்பது வழக்கமில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"அதையே போடச் சொல்லுங்க மாமா. முழுசா."

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, பாவம், மாலைக்குள்ளிருந்து ஒரு தலையசைப்பு மட்டும் தந்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னமோ பண்ணுங்க" என்று அடுத்த பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

தட்டு சுற்றியது. டிரம் ஓட ஆரம்பித்ததும் சின்னப் பிள்ளைகள் குதித்தார்கள். மாக்சிக் எழுந்து, சாரோங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜோகெட் ஆடத் தொடங்கினார். "சேடாப் லாகு னி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பாட்டு அருமை என்கிறார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. நான் வென்றுவிட்டேன்.

ஆனால் எதைப் போட்டாலும் முதல் ஆளாக ஆடும் மாமா அன்று ஆடவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுற்றுகிற தட்டின்மேல் குனிந்தபடியே நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஊசியைப் பார்த்துக்கணும் பாப்பா, நீ போய் ஆடு" என்றார், திரும்பாமலே. சரி, சித்தியையாவது கூப்பிடலாம் என்று ஓடிப்போய்த் திரையை விலக்கினேன். இவ்வளவு பேரை எதிர்த்துக் கேட்டு வாங்கிய பாட்டு. அவரோ நெற்றியை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு விரல்கூடத் தாளம் போடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள், வெட்கம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் ராக் பாட்டுக் கேட்கவே தெரியாது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினேன். பாட்டு முடிகிறவரைக்கும், அவர்கள் இருவருக்கும் சேர்த்து நானே ஆடினேன்.