புரியவில்லை என்று சொல்ல இரண்டு வருடம்

மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்தேன். இன்று தண்ணீர்ப் பம்புகள் செய்யும் தொழிற்சாலையில் பொறியியல் மேனேஜராக இருக்கிறேன். படிப்பால்தான் இந்தப் பதவி என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நடந்தது கொஞ்சம் வேறு.

போகும்போது இருபத்தாறு வயது. கல்லூரியில் முதல் மாணவன் என்ற கனம் தலையில் இருந்தது. அந்த நாட்டு மொழிதான் நாக்கில் இல்லை. யார் என்ன கேட்டாலும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். முடிவெட்டுபவர் ஏதோ கேட்டார், ஆட்டினேன். ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் உலையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, உலைக் கதவைக் காட்டி வேகமாக என்னவோ சொன்னார். ஆட்டினேன். மறுநாள் போய்க் கதவைத் திறந்தேன். பதினொரு நாளாகச் சூட்டில் இருந்த பீங்கான் துண்டுகள் குளிர்காற்று பட்டதும் டிக், டிக்கென்று விரிசல் விட்டன. அதில் பாதி இன்னொரு மாணவியுடையது.

பேராசிரியர் கூப்பிட்டார். "அவங்க சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் தலையாட்டின?"

"மரியாதைக்கு."

"உன் மரியாதையால அந்தப் பொண்ணோட மூணு மாச உழைப்பு போச்சு" என்றார். கத்தியிருந்தால் தேவலாம்; மெதுவாகத்தான் சொன்னார். அந்தப் பெண் அடுத்த மூன்று மாதமும் என் எதிர் மேசையில் உட்கார்ந்து புதிதாகத் துண்டுகள் செய்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்த அம்மாள், சொன்னதை நான் திருப்பிச் சொன்னால்தான் உலைப் பக்கம் விடுவார். அந்த மொழியில் நான் தப்பில்லாமல் பேசிய முதல் வாக்கியம், "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பதுதான்.

பட்டத்தோடு திரும்பினேன். விமானம் தரை தொட்டதுமே பணிவு இறங்கிப் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் எதைத் தொட்டாலும் "அங்கெல்லாம் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று ஆரம்பிப்பேன். ஒரே மாதத்தில் எனக்கு 'அங்கெல்லாம்' என்று பெயர் விழுந்தது. ஒருநாள் ஃபோர்மேன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், அங்கெல்லாம் பம்பு போட்டா தண்ணி மேலதானே போகும்?"

"ஆமா."

"அப்பாடா. இங்கயும் அப்படித்தான் சார்."

எட்டு வருடம் ஓடியது. எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் மேனேஜரானார்கள். என் மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அங்கெல்லாம் எத்தனை வருஷத்துல மேனேஜர் ஆக்குவாங்க?"

அப்போதுதான் பம்புகளுக்கு அடித்த பெயிண்டைக் காயவைக்கும் பெரிய அடுப்பு ஒன்றை, நான் படித்த அதே நாட்டிலிருந்து வாங்க முடிவானது. மொழி தெரிந்தவன் என்று முதலாளி என்னையும் கூட்டிப்போனார். விமானத்தில் வரைபடத்தைப் படித்துவைத்திருக்க வேண்டும். தூங்கிவிட்டேன்.

விற்கும் கம்பெனியின் என்ஜினியர் நாற்பது நிமிடம் விளக்கினார். முதலாளி தலையாட்டினார். கூட வந்த கொள்முதல் அதிகாரியும் ஆட்டினார். எட்டு வருடத்தில் மொழி துருப்பிடித்துப் போயிருந்தது. எனக்குப் பாதிகூட ஏறவில்லை. என் தலையும் லேசாக அசைந்தது. அந்தப் பழைய உலையின் டிக், டிக் சத்தம் காதில் கேட்டதோ என்னவோ, வாய் முந்திக்கொண்டது.

"எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க."

முதலாளி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். என்ஜினியர் மறுபடி விளக்கினார். மறுபடியும் புரியவில்லை.

"பம்பு எந்தப் பக்கமா அடுப்புக்குள்ள போகுது?"

"இந்தப் பக்கமா."

"அப்போ பெயிண்ட் அடிக்கிற இடம்?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எங்கள் கட்டட வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் இடவலம் மாறியிருந்தது. அப்படியே செய்து வந்திருந்தால், எங்கள் பம்புகள் முதலில் நன்றாகக் காய்ந்து, அப்புறம் பெயிண்ட் அடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

அந்த வரைபடம் ஐந்து மாதம் எங்களிடம்தான் இருந்தது. சரிபார்த்ததாக ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

"எப்படிய்யா கண்டுபிடிச்ச?" என்று முதலாளி வாசலிலேயே தோளில் தட்டினார்.

"கண்டுபிடிக்கல சார். நெஜமாவே புரியல."

"இந்த அடக்கம்தான்யா படிச்சவனுக்கு அழகு" என்றார். மூன்று மாதத்தில் மேனேஜராக்கினார். மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மேனேஜரானதும் ஒரு விதி போட்டேன்: வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர் அதைத் தன் வாயால் விளக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே ஃபோர்மேன் நான் கையெழுத்திட்ட ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு நிமிடம் திணறிவிட்டு, கையெழுத்தை நானே கோடு போட்டு அடித்தேன். இப்போது எங்கள் கூட்டங்கள் மூன்று மணி நேரம் நடக்கின்றன. எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள், நியாயம்தான்.

அடுப்பு சரியான திசையில் வந்து சேர்ந்தது. முதல் நாள் நீலப் பம்புகள் வரிசையாக வெளியே வந்தன. பெருமை தாங்காமல் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தோம் போல, உள்ளங்கை முழுக்க நீலம். அதைக் கவனிப்பதற்குள் முதலாளி வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.