சாட்சிக் கூண்டில் என் வீட்டுக்காரர்

ராஜபாளையத்தில் மில்லுக்கு எதிராக கேஸ் நடத்த வேண்டுமென்றால், மில்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வக்கீலாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் கிடையாது. ஒருவருக்கு மச்சான் நூல் வியாபாரம், இன்னொருவருக்கு மாமனார் மில்லில் கணக்கு. எனக்குக் கணவரே மில்லில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். நான் சட்டம் படித்ததும் அவருடைய மில் சம்பளத்தில்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்குத்தான் அடிக்கடி நினைவு வரும், அதுவும் வேண்டாத நேரத்தில்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அடிபட்டவர்கள். லாரி தட்டிக் கால் போனவர், போலீஸ் ஸ்டேஷனில் அடி வாங்கியவர், காரணம் சொல்லாமல் கேட்டிலேயே நிறுத்தப்பட்ட தொழிலாளி. காலையில் கறுப்புக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு பஸ் ஏறுவேன். கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் தன் வீட்டுப் பாகப்பிரிவினையை ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் பஞ்சு அடிக்கடி அடைத்துக்கொண்டிருந்ததாம். அடைப்பை எடுக்க இவர் மூடியைக் கழற்றியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் உற்பத்தி விழும், திறந்தபடியே ஓடட்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த மெஷினில் வேலை செய்த பெண்ணின் வலது கை உள்ளே போய்விட்டது. கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

“நான்தான் கழட்டுனேன்” என்றார். ரசத்தைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதையும் தொடவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணே என்னைத் தேடி வந்தாள். வன்னியம்பட்டியிலிருந்து மில் வேனில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து போனவள். கையைச் சேலைத் தலைப்பால் சுற்றியிருந்தாள். மில் பெயரைச் சொன்னதும் என்னால் முடியாது என்று வேறு இரண்டு வக்கீல்களிடம் அனுப்பிவைத்தேன். அவர்களும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். மறுபடி வந்து நின்றவளிடம், என் கணவர் அதே மில்லில்தான் வேலை பார்க்கிறார் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்.

“தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வந்தேன். அவிய நேர்ல பாத்தவிய. பொய் சொல்ல மாட்டாவ” என்றாள்.

ஒருவர்மேல் நம்பிக்கை வைக்கிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வக்காலத்தில் அவள் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கினேன். சாயங்காலம் என் கணவரிடம் சொன்னபோது “சரி” என்றார். தண்ணீர் மோட்டாரை நிறுத்த எழுந்து போய்விட்டார்.

மில் தரப்பில் பதில் தாக்கல் செய்தார்கள். மெஷினில் மூடி இருந்தது, எச்சரித்தும் கேட்காமல் அந்தப் பெண்தான் அதைக் கழற்றினாள் என்று எழுதியிருந்தார்கள். அது நிரூபணமானால் அவளுக்கு இழப்பீடு கிடைக்காது. மூடியைக் கழற்றியது யார் என்பதில்தான் மொத்தக் கேஸும் நின்றது. அதற்கு அவர்கள் போட்டிருந்த சாட்சி, என் வீட்டுக்காரர்.

மில்லின் வக்கீல் மரியாதை தெரிந்த மனிதர். கோர்ட் வாசல் டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். “மேடம், அந்தப் பொண்ணு கழட்டலைன்னா வேற ஒரு ஆளு கழட்டிருக்கணும்லா. பொறவு அந்தாளு மேல போலீஸ் கேஸ் வரும். யோசிச்சுக்கோங்க” என்றார். டீக்கு அவரே காசும் கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. மெஷின் விபத்தில் போலீஸ் கேஸ் என்று வந்தால் முதலாளி பெயரையோ மானேஜர் பெயரையோ நான் பார்த்ததில்லை. கடைசியாக மெஷினைத் தொட்டவன்தான் மாட்டுவான். அப்படி மாட்டியவர்களுக்கு ஜாமீன் எடுத்துத்தான் நான் தொழிலே பழகினேன்.

என் சீனியரிடம் போய்க் கேட்டேன். கணவன் மனைவியிடம் தனியாகச் சொன்னதை, அவன் சம்மதிக்காமல் மனைவி கோர்ட்டில் சொல்ல முடியாது, தெரியும்தானே என்றார். தெரியாமல் என்ன. கேஸை வேறு வக்கீலுக்கு மாற்றிவிடலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னால், அவள் அழுதாள். அந்த அழுகைமேல் எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததற்காக என்மேலும் வந்தது.

வீட்டில் நாங்கள் காஸ் சிலிண்டரைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் மட்டும் பேசினோம். உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் சொன்னால் எதிர்த்தரப்புச் சாட்சியைக் கலைத்ததாக ஆகும். அவர் ஜெயிலுக்குப் போகவும் நானே வழி செய்ததாக ஆகும். பொய் சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் துண்டை உதறினால் எனக்குக் கோபம், இருமினால் கோபம். பூட்டிய அறைக்குள் இரண்டு பேரை வைத்துச் சாவியை வெளியே எறிந்த மாதிரி இருந்தது அந்த வீடு.

விசாரணை அன்று எங்கள் தெருவுக்கே மில் கார் வந்துவிட்டது. சலவைச் சட்டையோடு அவர் ஏறிப் போனார். நான் வழக்கம்போல பஸ்ஸில் போனேன். பாதி வழியில் அந்தக் கார் எங்கள் பஸ்ஸை முந்தியது. பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

குறுக்கு விசாரணைக்கு ஒரு வக்கீல் நண்பரை ஏற்பாடு செய்திருந்தேன். அவர் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தார். மூடி இருந்தது, அந்தப் பெண்தான் கழற்றியது என்று என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார். அதைக் கேட்ட அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நண்பர் உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வி உண்டா என்று நீதிபதி கேட்டார்.

ஒரு கேள்வி இருந்தது. மில்லுக்குள் ஒரு தடவை போய் வந்த யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி. அது வீட்டில் கேட்ட ரகசியம் இல்லை. நண்பர் மில் வாசலை மிதிக்காதவர், அதனால் அவருக்குத் தோன்றவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. எழுந்தேன்.

“அந்த மூடியை வெறும் கையால் கழற்ற முடியுமா?”

“முடியாது. ஸ்பேனர் வேணும்.”

“அந்தப் பெண்ணிடம் ஸ்பேனர் இருந்ததா?”

“ஆபரேட்டர்களுக்கு ஸ்பேனர் குடுக்க மாட்டாக.”

“அன்றைக்கு அது யாரிடம் இருந்தது?”

மில் வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். அன்று முதல் முறையாக என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்கிட்ட” என்றார். பிறகு யாரும் கேட்காமலே, தான் கழற்றியதையும் மானேஜர் மாட்டவேண்டாம் என்றதையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். அந்தப் பெண்ணின் கேஸ் ஜெயித்துவிட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

மில் கார் அவரை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து திரும்பினோம். பாதி வழியில் அவர் சொன்னார்.

“நீ கேக்காம உக்காந்துருவியோன்னு பயந்துக்கிட்டே நின்னேன்.”

எனக்கு ஆறுதல் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதை வீட்டிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் வெந்திருக்க வேண்டாமே. தானாகச் சொல்லத் தைரியமில்லை, கேட்டால் மறைக்கவும் முடியாது என்றார்.

பஸ் ராஜபாளையத்துக்குள் நுழையும்போது ஸ்டேஷனிலிருந்து எனக்கு போன் வந்தது. மில் புகார் கொடுத்திருக்கிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் ஏட்டு. அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், பிடிபட்டது யாருடைய வீட்டுக்காரர் என்றுதான் நான் முதலில் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை.