மூடி இல்லாத பீப்பாய்

சித்தப்பா அந்த எவர்சில்வர் பீப்பாயைக் கொண்டுவந்த அன்று வீட்டில் அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. மணியாச்சியில் தண்டவாள வேலைக்குப் போனால் அவர் சனிக்கிழமைதான் வருவார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துக் கொண்டுவந்ததே அம்மாவுக்கு முதல் சந்தேகம்.

தூத்துக்குடி காயலான் கடையில் வாங்கியது. ஏதோ கப்பலில் கழித்துப்போட்ட சாமானாம். பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வயிறு புடைத்து, உச்சியில் சின்னதாக ஒரு வாயுடன் அது முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. விளிம்பில் எழுத்துகள் பொறித்திருந்தன.

"பள்ளிக்கூடம் போறேல்ல, வாசி" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். அப்போது ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது, கூட்டினால் எந்த இங்கிலீஷ் சொல்லும் வரவில்லை. ஜெர்மன் மொழியாக இருக்கும் என்று இன்று சொல்லுவேன். அன்று அம்மா என் படிப்பையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள்.

"வெந்நீர் பாய்லர் ஆக்கப் போறேன் மதினி. தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும்ல" என்றார் சித்தப்பா.

அத்தைக்கு அப்போதுதான் பரிசம் போட்டிருந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்து மாப்பிள்ளை. தங்கள் வீட்டில் பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது, காபிகூட விருந்தாளிக்குத்தான் என்று மாப்பிள்ளையின் அப்பா பரிசத்தன்று சபையில் எழுந்து சொல்லியிருந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி விரல் காய்த்துப்போன அத்தை, அதிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். அப்பேர்ப்பட்ட சம்பந்தம், கொழுந்தன் செய்யும் கூத்தால் கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் அம்மாவின் பயம்.

"சீர்வரிசையில இதையும் வச்சிரு அண்ணே" என்றாள் அத்தை. "மாமனாரு காபி குடிக்க மாட்டாவளாம், வெந்நீராவது குடிக்கட்டும்."

பீப்பாயை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போகும்போது அம்மா என்னைப் பின்னால் அனுப்பினாள். "ஏலே, நீயும் கூடப் போ. என்ன செய்யுதான்னு பாத்துட்டு வா."

பட்டறைக்காரர் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். "உள்ள காத்து கீத்து இருக்கா அண்ணாச்சி?"

"காலிப் பீப்பாதான் வே. வெந்நீர் பாய்லருக்கு. தைரியமா வெட்டும்."

அவர் நம்பவில்லை. வாயிலிருந்த குமிழைத் திருப்புளியால் அழுத்தினார். உஸ்ஸென்று நுரை கிளம்பி மூன்று பேரையும் நனைத்தது. பட்டறைக்காரர் முகத்தைத் துடைத்து, கையை மோந்து பார்த்துவிட்டு, "வெந்நீரு நல்லாத்தான் மணக்குது" என்றார்.

காற்று முழுக்கப் போன பிறகு உச்சியை வட்டமாக வெட்டி எடுத்தார். கை கிழிக்காதபடி விளிம்பை அரத்தால் ராவினார். அடியில் துளை போட்டு ஒரு குழாய் பொருத்தினார். பீப்பாய் பெரிய அண்டாவாகிவிட்டது.

வரும் வழியில் சித்தப்பா எனக்கு உண்மையைச் சொன்னார். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்கள் ஊரில் வீட்டிலேயே பீர் போடுவார்களாம். அவர்களுக்கு வாற்கோதுமை என்றால் நமக்குக் கம்பு, கசப்புக்கு நிலவேம்பு. "சாராயம்னா காச்சி ஆவியப் பிடிக்கிறது. இது வெறுமன கொதிக்க வச்சு, ஆறுனப்புறம் புளிக்க விடுறது. மதினிக்கு விளங்காது" என்றார். எனக்கும் விளங்கவில்லை.

வீட்டில் அம்மா என் சட்டையை மோந்து பார்த்தாள். அதன்பின் சித்தப்பா போன இடமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. அவர் கம்பை ஈரச்சாக்கில் முளைகட்டி, மச்சி வெயிலில் காயவைத்து, ஒன்றிரண்டாக இடித்தார். கேட்டால், பிள்ளைக்குச் சத்துமாவு. அரை மூடைச் சத்துமாவு. நாட்டுமருந்துக் கடையில் நிலவேம்பு வாங்கிவந்தார். கேட்டால், காய்ச்சலுக்கு. வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

புறவாசலில் மூன்று கல் கூட்டி அவர் கொதிக்கவைத்த அன்று நடுப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அப்பா வந்து நின்றார். கல்யாணத் தேதி பேச வந்தாராம். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துத் திண்டாடிக்கொண்டிருக்க, அவர் யாரோ மூக்கைப் பிடித்து இழுத்ததுபோல வாசனையைத் தொடர்ந்து புறவாசலுக்குப் போய்விட்டார். அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் அம்மா.

"கம்பங்கூழு மாமா" என்றார் சித்தப்பா, கேட்பதற்கு முன்பே.

மாமா பீப்பாயை ஒருமுறை சுற்றிவந்தார். குனிந்து விளிம்பைப் பார்த்தார். "மூடி எங்க தம்பி?"

"கூழுக்கு மூடி எதுக்கு மாமா?"

"குழாயும் அடியிலதான் இருக்கு. மேல ஒண்ணும் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "நான் வேற என்னமோன்னு நெனச்சுட்டேன்" என்று சிரித்து, ஆவணியில் நாள் குறித்துவிட்டுப் போனார். அத்தைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சித்தப்பா கரண்டியும் கையுமாக ஆடாத குறை. அம்மா மட்டும் மாமா போன தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை அப்பா வந்து செருப்பைக் கழற்றுமுன் அம்மா சொன்னாள்: "இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"ஏன், அவிய என்ன செஞ்சாவ?"

"போலீசுக்காரன் வந்தாக்கூட பானைக்குள்ளதான் பாப்பான். இவிய கண்ணு மூடியத் தேடுது, ஆவி இறங்குற குழாயத் தேடுது. காச்சி இறக்குனவனுக்குத்தான் அது தோணும்."

"ஒரு கேள்வி கேட்டதுக்கா மதினி?" என்றாள் அத்தை.

அப்பா அந்தப் பக்கம் போய் விசாரித்து வந்தார். என்ன கேள்விப்பட்டாரோ, "வேண்டாம்னு சொல்லிருவோம்" என்றார். சித்தப்பாவின் பீர் கெட்டுப்போய்க் குப்பைக்குழிக்குப் போனது.

அத்தை இன்னொன்றும் கேட்டிருக்கலாம்: சூட்சுமம் மூடியில் இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவள் பிறந்த வீட்டில் அப்படி மூடி போட்ட சாராயப் பானை ஒன்று இருந்ததும், சிறுபிள்ளையில் அதற்கு விறகு தள்ளியவள் அவள்தான் என்பதும், அவளுடைய அப்பா அதைக் குடித்தே செத்தார் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு விளங்கியதெல்லாம், சித்தப்பா ஒரு பீப்பாய் வாங்கினார், அத்தை கல்யாணம் நின்றுபோனது என்பதுதான். பரிசத்தை முறிக்கிற வீடு மற்ற வீட்டின் செலவைக் கட்ட வேண்டும் என்பது எங்களில் வழக்கம். அம்மா தன் தோட்டை விற்று அதைக் கட்டினாள். அது பீப்பாயின் விலை என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன்: நாலாயிரத்து இருநூறு ரூபாய்.