அவரவர் வாசல்

ஆபீஸில் அதற்குப் 'பெருக்குறது' என்று பெயர் வைத்திருந்தார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் ஆளாளுக்கு ஒரு தினுசாகப் புரோகிராம் எழுதுவார்கள். ஒருவன் டேப் பட்டனைத் தட்டி வரியை உள்ளே தள்ளுவான், இன்னொருவன் ஸ்பேஸ் பட்டனைத் தட்டுவான். இரண்டும் ஒரே ஃபைலில் கலந்தால் புரோகிராம் மக்கர் பண்ணும். சாயங்காலமானால் துரைமார்கள் கிளம்பிவிடுவார்கள். வரிவரியாக நேராக்குகிற வேலை பரிமளாவுக்கு.

பரிமளா மாகறல் கிராமத்துக்காரி. அம்மா பாக்கியமேரி அடுத்தவர் களத்தைக் கூட்டிப் பெருக்கித்தான் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். புரோகிராம் எழுதத்தான் இங்கே சேர்ந்தாள். ஆனால் சொந்தமாக எழுதியது என்று காட்ட ஒரு வரி இல்லை. அந்தத் துடைப்பம் இங்கேயும் துரத்திக்கொண்டு வந்துவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று எழுதினாள். கோணல்மாணலான வரிகளை அதுவே கண்டுபிடித்து நேராக்கிவிடும். மேனேஜர் வெங்கடேசனுக்கு ஒரே குஷி. இனிமேல் நீ சீக்கிரமாகவே பெருக்கிவிடலாமே என்றார்.

முடியாது என்றாள் பரிமளா. ஸ்கிரிப்டை எல்லார் கம்ப்யூட்டரிலும் போட்டாயிற்று, அவரவர் ஃபைலை அவரவரே ஓட்டட்டும், தனக்கு எழுதுகிற வேலை வேண்டும் என்றாள். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் கத்தினார்.

அவர் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாள் நேரத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எவன் ஃபைலையும் தொடவில்லை. மத்தியானம் பக்கத்து ஊரான பெருநகரின் ரைஸ் மில்லிலிருந்து போன் வந்தது. ஆபீஸில் புரோகிராம் எழுதும் கார்த்திக் மாற்றி அனுப்பிய பில் போடும் புரோகிராம் ஓடவில்லை, பில் இல்லாமல் லாரி நிற்கிறது. வெங்கடேசன் அவளிடம் ஓடிவந்தார்.

"இந்த ஒரு வாட்டி பெருக்கிக் குடுத்துடும்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"தொடப்பத்த எல்லார் கையிலயும் குடுத்துட்டேன் சார். அவங்கவங்க வாசல அவங்கவங்க பெருக்கிக்கட்டும்."

மில்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் கார்த்திக் முணுமுணுத்துக்கொண்டே தன் கையால் ஸ்கிரிப்டை ஓட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் வரிகள் நேராயின. நேரான ஃபைலை அனுப்பியதும் மில்லில் பில் வந்தது.

வெங்கடேசன் நகரப் பார்த்தார். பரிமளா விடவில்லை.

"எனுக்கு இன்னா வேல சார்?"

மில்லின் ஸ்டாக் கணக்குக்குப் புதிதாக எழுத வேண்டும் என்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். பரிமளா ஒரு வெற்று ஃபைலைத் திறந்து, முதல் வரியில் தன் பெயரை அடித்தாள்.