எல்கடுவை மடுவத்தில் அக்காவை நிறுத்த கதை

2008 மாசியில் மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு, மாத்தளைக்கு மேலே உள்ள எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பினேன். கொழுந்து பறிக்கும் என் அக்கா செல்வமணிக்குச் சூலகப் புற்றுநோய். ஆறாவதும் கடைசியுமான மருந்து ஏற்ற அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கொழும்பில் காலை ஐந்தரை பஸ். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடிகளில் இரண்டு தடவை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். மாத்தளை சேரப் பதினொரு மணி. அங்கிருந்து எல்கடுவைக்கு ஒரு மணித்தியாலம். வலப்பக்க ஜன்னலுக்குச் சண்டை போட்டாவது இடம் பிடியுங்கள், அத்தனை அழகு.

சென்ற தடவை டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கட்டியைக் காட்டும் 'சிஏ 125' இரத்த அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது. ஆனால் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் புரதமும் குறையக்கூடாது, உடம்பு இளைக்கவும் கூடாது. நிறை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் மருந்தைத் தள்ளிப்போடுவோம் என்றார். அன்றிலிருந்து அக்கா முட்டையும் நெத்தலியுமாக விழுங்கினாள். அவளுக்கு முட்டை கண்ணிலும் காட்டக்கூடாது!

கண்டிக்குப் போகுமுன் நிறையைத் தெரிந்துகொள்ள ஆசை. தோட்டத்து டிஸ்பென்சரித் தராசு பழுது. அக்காவே சொன்னாள், "மடுவத்துக்குப் போவோம் தம்பி."

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. தொங்கும் தராசின் கொக்கியில் படங்குச் சாக்கை ஊஞ்சல்போலக் கட்டி அக்காவை உட்காரவைத்தார்கள். பறிக்கிற பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று சிரித்தார்கள். தினமும் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை முள்ளை உற்றுப் பார்த்துக் கணீரென்று கூவினார்.

"நாப்பத்தி மூணு!"

சிரிப்பு நின்றுபோனது. அக்கா இறங்கி, "அப்ப மருந்து இல்லையா? இவ்வளவு தின்னும் ஏறலையே. நான் கண்டிக்கு வரல தம்பி" என்றாள்.

அப்போது பக்கத்து லயத்து வீட்டு மாரியாயி கணக்கப்பிள்ளையை முறைத்தாள். "ஐயா, கழிச்சிட்டீங்களா?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். "கூடைக்கு ஒண்ணு... தண்ணிக்கு ரெண்டு... பழக்கதோஷம்மா!"

கொழுந்து நிறுக்கையில் கூடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கழிப்பதுபோல அக்காவிலும் மூன்று கிலோ கழித்துவிட்டார். முள் காட்டியது நாற்பத்தாறு. மடுவமே சிரிப்பில் அதிர்ந்தது. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இத்தன வருஷமா என் கொழுந்துல கழிச்சது பத்தாதுன்னு என்னையே கழிக்கிறீங்களா?" என்றாள். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணீர் வந்தது. அதில் சீனியை மட்டும் யாரும் கழிக்கவில்லை.

மறுநாள் வத்தேகம வழியாகக் கண்டி. இதே பாதையில் நோயாளியோடு போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், வளைவுகளில் குமட்டினால் முகரத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, ஒன்று கையில் இருக்கட்டும், பழைய இரத்த ரிப்போர்ட்டுகளை மறக்காதீர்கள். ஒரே ஒரு இலக்கத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். டொக்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

இரத்த அளவுகள் நன்றாக இருந்தன. நர்ஸ் நிறை பார்த்து, சிங்களத்தில் நாற்பத்தைந்தரை என்றார். கடைசி மருந்துக்குக் கட்டில் தயார். அக்கா தராசை விட்டு இறங்கவே இல்லை. சிங்களத்திலேயே கேட்டாள்:

"மிஸ், கழிக்காமத்தானே சொல்றீங்க?"