செம்மண் சுவரில் பஞ்சுருட்டான்கள்: கும்மிடிப்பூண்டிக்கு மூன்று பயணங்கள்

பறவை பார்க்கக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுபதுகளில் நானும் என் மனைவி வசந்தாவும் மூன்று முறை போனோம். நடந்ததைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

முதல் முறை போனது ஒரு பங்குனி ஞாயிறு. சென்ட்ரலில் காலை முதல் வண்டி, ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நாஷ்டாவை முடித்துக்கொண்டோம், அதற்கப்பால் அப்போது கடையே கிடையாது. அங்கிருந்து ஒரு மணி நேர நடை. தொழிற்பேட்டைக்காக ஏரியை ஒட்டிய சதுப்பைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கான செம்மண்ணைப் பக்கத்து மேட்டில் வெட்டி லாரிகளில் ஏற்றினார்கள். முயலும் உடும்பும் திரிந்த புதர்க்காட்டில் பாதி அதற்குள் போய்விட்டிருந்தது.

வெட்டிய இடத்தில் இரண்டாள் உயரத்துக்கு மண்சுவர் நின்றது. அதில் நிறைய துளைகள். பச்சைப் பஞ்சுருட்டான்கள் அலகில் தட்டானோடு வந்து ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. வசந்தா சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள். புதிதாக வெட்டிய சுவர் என்றால் வளை தோண்ட எளிது, அதனால் இவை தேடி வரும். அந்தச் சுவரை நாளையும் வெட்டுவார்கள் என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அப்போது கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் சுவரை நெருங்கினார்கள். மண்கூடை சுமந்துகொண்டிருந்த எல்லம்மா என்ற பெண் கூடையை இறக்கிவிட்டுக் குறுக்கே போய் நின்றாள்.

“மேஸ்திரி, உள்ளாற குஞ்சு கீது. கத்துறது கேக்குது. அந்தாண்ட வெட்டச் சொல்லு.”

“இன்னா எல்லம்மா பேஜாரு பண்றே? லாரி நின்னுக்கினு கீது பாரு” என்றார் மேஸ்திரி.

வசந்தாவும் கெஞ்சினாள். “குஞ்சுங்க பறந்து போறவரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் வெட்டிக்கோங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். “சரிம்மா. மொதலாளி வந்து கத்தாத வரைக்கும் தொடல.”

அன்று திரும்பும்போது ரயிலில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சுவர் இல்லை. பறவைகள் மட்டும் இருந்தன. தட்டானைக் கவ்வியபடி, முன்பு துளை இருந்த உயரத்துக்குப் பறந்து வந்து, வெறும் காற்றில் சிறகடித்து நின்று, திரும்பிப் போயின. மறுபடி வந்தன.

“முந்தாநேத்து மொதலாளி வந்துட்டாரு. வெட்ட வுட மாட்டேன்னு நான் குந்திக்கினேன். வேற ஆளுங்கள வச்சி வெட்டிட்டாங்க” என்றாள் எல்லம்மா. “ரெண்டு நாளா இப்டியேதான் சுத்திக்கினு கீது.”

வசந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். போய்விடலாம் என்றாள்.

மூன்றாம் பயணம் சில வருடங்கள் கழித்து. பள்ளத்தை மூடிச் சமன்செய்து, நிலத்தைச் சீர்படுத்திவிட்டதாகப் பலகை வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகத் தைலமரங்கள். கீழே புல் இல்லை, புதர் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தோம், காக்கை மட்டும் கத்தியது. சதுப்பு இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலையின் மதில்.

அதன் வாசல் டீக்கடையில் எல்லம்மாவைப் பார்த்தோம். உள்ளே பெருக்கும் வேலையாம்.

“மாசம் பொறந்தா சம்பளம் வருதும்மா. வாணாம்னு சொல்ல முடியுமா?”

வசந்தா பறவைகளைப் பற்றிக் கேட்டாள்.

“அடுத்த வருசமும் வந்துச்சிங்க. ஒயரு மேல குந்திக்கினு கீழயே பாத்துக்கினு இருந்துச்சிங்க. தோண்டறதுக்கு எடம் இல்ல. பூடுச்சிங்க. அப்பால வரவே இல்ல.”

டீ ஆறிப்போனது. காசைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம்.

இனி போக நினைப்பவர்களுக்கு: ரயில் வசதி நன்றாக இருக்கிறது. ரோடும் போட்டுவிட்டார்கள், நடக்க வேண்டியதில்லை. வெயில் கடுமை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பைனாகுலர் வேண்டாம்.